வாயாடியும் சங்கோசியும்

நம் கதைகளில் வரும் குழந்தைகளைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. அவர்களில் இரண்டே ரகம்தான். ஒரு ரகம், கதை தொடங்கிய வரியிலிருந்து முடிகிற வரையில் ஓயாமல் பேசும். பேசுகிற பேச்செல்லாம் பழுத்த கிழவர் பேச்சாக இருக்கும். அப்பாவும் அம்மாவும் மனஸ்தாபப்பட்டுக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கும்போது நடுவிலே வந்து நின்று, "நீங்கள் இரண்டு பேரும் சிநேகமாகிவிட்டால் எனக்கு மிட்டாயே வேண்டாம்" என்று சொல்லும். அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள், அப்பா கனைத்துக்கொள்வார், கதை முடிந்துவிடும். இன்னொரு ரகம் வாயே திறக்காது. தூணைக் கட்டிக்கொண்டு நிற்கும். பெரிய பெரிய கண்களால் பார்க்கும். அந்தக் கண்களில் சொல்லில் அடங்காத ஏதோ ஒன்று தேங்கி நிற்பதாக ஆசிரியர் நமக்கு அறிவிப்பார். சொல்லில் அடங்காது என்று அவரே கைவிரித்துவிட்ட பிறகு வாசகன் என்ன செய்வான், பாவம்!

இந்த இரண்டு ரகத்தையும் நான் பொம்மைகள் என்றுதான் சொல்லுவேன். ஒன்று சாவி கொடுத்த பொம்மை, மற்றது சாவி கொடுக்காத பொம்மை. அதற்கு மேல் வித்தியாசம் கிடையாது.

இந்தக் கோளாறு கதாசிரியர்களிடம் மட்டும் இல்லை. நம் வீடுகளிலேயே இருக்கிறது. குழந்தைக்கு மூன்று வயசு ஆவதற்குள் ஒரு பெயரைச் சூட்டிவிடுகிறோம். இவன் சங்கோசி, இவள் வாயாடி, இது உம்மணாமூஞ்சி, அது சரியான ஊமைக் கோட்டான் என்று. மூக்கு, நிறம், சுழி மாதிரி இதுவும் கூடப் பிறந்த அடையாளம் என்று நினைப்பு. அதிலும் ஒரு பாரபட்சம் பாருங்கள். பையன் நிறையப் பேசினால், 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்கிறோம். பெண் அதே பேச்சைப் பேசினால் வாயாடி. பையன் பேசாமல் இருந்தால், 'என்ன இப்படி அசமந்தமாக இருக்கிறானே' என்று கவலை. பெண் பேசாமல் இருந்தால், 'அடக்கமான பெண்' என்று ஜாதகம் கேட்க ஆள் வருகிறது. இன்றைக்குத் தொலைக்காட்சியில் குழந்தைகளை மேடையில் நிறுத்தி, பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததை மழலையில் ஒப்பிக்கச் சொல்லிக் கைதட்டுகிறோமே, அதுவும் இதே சாவி கொடுத்த பொம்மைதான்.

நான் பார்த்த வரையில் குழந்தையின் பேச்சு பாதிதான் குழந்தையுடையது. மறுபாதி, கேட்கிறவருடையது. என் சொந்தக் கதையில் ஒன்று சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் நான் சங்கோசி என்று பட்டம் வாங்கினவன். யாராவது விருந்தாளி வந்தால் போதும், கதவிடுக்கில் போய் நின்றுகொள்வேன். "என்னடா, வாயிலே கொழுக்கட்டையா?" என்று ஒரு மாமா கேட்பார். அவர் கேட்ட பிறகு கொழுக்கட்டை இன்னும் பெரிதாகிவிடும். ஆனால் அதே நான், கொல்லைக் கிணற்றடியில், பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாளுக்கு ராமாயணத்தையே சொல்லுவேன். வால்மீகிக்கும் கம்பருக்கும் தெரியாத பல சம்பவங்கள் என் ராமாயணத்தில் உண்டு. அநுமார் ரயில் ஏறிக்கூடப் போயிருக்கிறார். அந்த அம்மாள் சாம்பலைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே, "அப்புறம்?" என்று மட்டும் கேட்பாள். வீட்டுக்குள் சங்கோசி, கொல்லையில் வாயாடி. இரண்டும் ஒரே பையன்தான். இடையில் இருந்தது ஒரு நடை, ஒரு கதவு, அவ்வளவே.

இது தெரிந்த ஆசிரியர் எழுதினால் கதையில் குழந்தை உயிரோடு நடமாடுகிறது. தெரியாதவர் எழுதினால் பொம்மை. இதற்கு உலக இலக்கியத்திலேயே மிகச் சிறந்த சாட்சி தாகூரின் 'காபூலிவாலா' என்பது என் அபிப்பிராயம். 1892-ல் எழுதிய கதை. கல்கத்தாக் குழந்தை ஒன்றுக்கும், உலர்ந்த பழமும் பருப்பும் விற்க வந்த ஆப்கன் வியாபாரி ஒருவனுக்கும் ஏற்பட்ட சிநேகம். இதைப் படிக்காதவர்கள் குறைவு. ஆனால் பெரும்பாலோர் இதை ஒரு தகப்பனின் ஏக்கத்தைப் பற்றிய கதை என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் இதை ஒரு வாயாடிக் குழந்தையின் பேச்சு எப்படி மலர்ந்து எப்படி வற்றிப்போயிற்று என்று சொல்லும் கதையாகப் படிக்கிறேன்.

மினிக்கு ஐந்து வயசு. பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து ஒரு நிமிஷத்தையும் மௌனத்தில் வீணாக்காதவள். அம்மா அதட்டி வாயை மூடவைக்கிறாள். அப்பாவுக்கு அது மனசு வரவில்லை. இதையெல்லாம் அப்பாதான் சொல்கிறார். அவர் நாவலாசிரியர். தம் நாவலின் 17-ஆவது அத்தியாயத்தில், கதாநாயகன் நாயகியைக் கூட்டிக்கொண்டு இருட்டில் சிறை ஜன்னலிலிருந்து ஆற்றில் குதிக்கிற கட்டத்தில் பேனாவும் கையுமாக இருக்கிறார். அந்த நேரத்தில் மினி உள்ளே வந்து பேச ஆரம்பிக்கிறாள். வாயிற்காவலன் காக்கையை வேறு பெயரால் சொல்கிறானாம், அவனுக்கு ஒன்றுமே தெரியாதாம். அதற்குப் பதில் சொல்வதற்குள், ஆகாயத்திலிருந்து யானை துதிக்கையால் தண்ணீர் ஊற்றுவதால்தான் மழை பெய்கிறது என்று போலா சொன்னானாம். அதையும் முடிக்காமல், அம்மா உனக்கு என்ன உறவு என்று ஒரு கேள்வி!

தொழில் தெரிந்தவன் கண்ணோடு பாருங்கள். மினி வாயாடி என்பதை நிலைநாட்டத் தாகூர் செலவழித்தவை இந்த மூன்று பேச்சுக்களே. மூன்றுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது. காக்கையிலிருந்து யானைக்குத் தாவி, யானையிலிருந்து அம்மாவுக்குத் தாவுகிறாள். பதிலுக்குக் காத்திருப்பதே இல்லை. குழந்தைப் பேச்சின் இலக்கணமே இதுதான். நம் கதைக் குழந்தைகள் வக்கீல் மாதிரி ஒரு விஷயத்தை எடுத்து, அதை நிரூபித்து, முடிவுரையும் சொல்லிவிட்டுத்தான் உட்காருகின்றன. அதனால்தான் அவை இரண்டு பக்கம் பேசினாலும் வாயாடியாகத் தோன்றுவதில்லை, பிரசங்கியாகத் தோன்றுகின்றன. தாகூர் இன்னொரு குறும்பும் செய்திருக்கிறார். சிறையும் ஆறும் நள்ளிரவுமாக அப்பா எழுதுகிற நாவல் ஒரு வரி கூட நம் மனசில் நிற்கவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து குழந்தை பேசுகிற அபத்தந்தான் நிற்கிறது. நாவலாசிரியர்களுக்கு இது நல்ல சூடு. எனக்கும் உறைத்தது.

இப்படிப்பட்ட மினி, தெருவில் போகிற காபூலிவாலாவை ஜன்னலிலிருந்து கூப்பிடுகிறாள். அவன் திரும்பி வந்ததும் ஒரே ஓட்டமாக உள்ளே ஓடிவிடுகிறாள். அவன் மூட்டைக்குள் தன்னைப்போலக் குழந்தைகள் இருக்கும் என்று பயம். அப்பா அழைத்து வந்து நிறுத்தினாலும் அவரை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். அவன் நீட்டுகிற திராட்சையை வாங்கமாட்டேன் என்கிறாள். வாயாடி சங்கோசியாகிவிட்டாள். சில நாள் கழித்து அப்பா பார்க்கும்போது, வாசலருகே பெஞ்சியில் உட்கார்ந்து மினி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறாள். காபூலிவாலா அவள் காலடியில் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிறான். மடி நிறைய பாதாமும் திராட்சையும். தகப்பனாரைத் தவிர இவ்வளவு பொறுமையாகக் கேட்கிற ஆள் அவளுக்கு அதுவரை கிடைக்கவில்லை என்று தாகூர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். கதையின் ஆணிவேர் அந்த வாக்கியம்.

அதற்கப்புறம் அவர்கள் பேசுவதெல்லாம் இரண்டே இரண்டு வேடிக்கைதான். மூட்டையில் என்ன என்று அவள் கேட்பாள். யானை என்று அவன் சொல்வான். மாமனார் வீட்டுக்குப் போகாதே என்று அவன் சொல்வான். நீ போவாயா என்று அவள் திருப்பிக் கேட்பாள். மாமனாரை உதைப்பேன் என்று அவன் முஷ்டியைத் தூக்குவான். நித்தியம் இதேதான். பெரியவர்களுக்கு அலுத்துவிடும். குழந்தைக்கு அலுக்காது. காபூலிவாலாவுக்கும் அலுக்கவில்லை. ஏன் அலுக்கவில்லை என்பதற்குக் காரணத்தைத் தாகூர் கடைசி வரையில் மடியில் கட்டி வைத்திருக்கிறார். ஊரில் அவனுக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அதன் கையில் கரி பூசிப் பதித்த ஓர் அழுக்குக் காகிதத்தை மார்போடு வைத்துக்கொண்டுதான் வருஷா வருஷம் கல்கத்தாத் தெருக்களில் அலைகிறான். அவன் கேட்டது மினியின் பேச்சை மட்டும் அல்ல.

இந்தக் கதையைத் தபன் சின்ஹா 1957-ல் வங்காளியில் படமாக எடுத்தார். சபி பிஸ்வாஸ் காபூலிவாலாவாக நடித்தார். நல்ல படம். ஆனாலும் சினிமாவில் குழந்தைக்கு முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது. நாம் அதிலேயே மயங்கிவிடுகிறோம். காகிதத்தில் எழுதுகிறவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் குழந்தையைக் காட்டவேண்டுமானால், எதிரே உட்கார்ந்து கேட்கிறவனைக் காட்டித்தான் ஆகவேண்டும்.

பிறகு நடந்தது தெரிந்ததே. கடன் பாக்கித் தகராறில் ஒருவனைக் குத்திவிட்டு காபூலிவாலா சிறைக்குப் போகிறான். வருஷங்கள் ஓடுகின்றன. மினி வளர்கிறாள், அவளுக்கு வேறு சிநேகிதர்கள், அப்பாவின் அறைப்பக்கம்கூட வருவதில்லை. அவளுடைய கல்யாணத்தன்று அவன் விடுதலையாகி வந்து நிற்கிறான். பட்டுப் புடவையும் நகையுமாக அவளை அழைத்து வந்து நிறுத்துகிறார்கள். மாமனார் வீட்டுக்குப் போகிறாயா என்று அவன் பழைய கேள்வியைக் கேட்கிறான். முன்பு அவளுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாது, பதில் தெரிந்திருந்தது. இப்போது அர்த்தம் தெரிகிறது, பதில் இல்லை. முகம் சிவந்து திரும்பிக்கொள்கிறாள்.

எவ்வளவு தடவை படித்தாலும் இந்த இடத்தில் என் தொண்டை அடைக்கும். ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. தாகூரிடம் குறை காண இவன் யார் என்று வாசகர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. இந்த முடிவில் துக்கப்படுகிறவர்கள் இரண்டு தகப்பன்மார். ஒருவன் தன் பெண் இத்தனை நாளில் எவ்வளவு வளர்ந்திருப்பாளோ என்று உட்கார்ந்துவிடுகிறான். மற்றவர் கல்யாண வெளிச்சத்தையும் பாண்டு வாத்தியத்தையும் குறைத்து, அவன் ஊர் திரும்பப் பணம் கொடுக்கிறார். எல்லாம் சரி. மினி? ஒரு நிமிஷத்தை வீணாக்காத அந்த வாய் எங்கே போயிற்று? அவள் வெட்கத்தைப் பெண் வளர்ந்ததன் அழகாகத் தகப்பனார் பார்க்கிறார். கதையும் அவரோடு சேர்ந்து அப்படியே பார்க்கிறது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது மனசில் என்ன நினைத்தாள் என்று கேட்க அந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

தாகூருக்கு இது தெரியாததல்ல. அதே காலத்தில் 'காதா' என்று, நோட்டுப் புத்தகம் என்று பொருள்படும் தலைப்பில், இன்னொரு கதை எழுதியிருக்கிறார். 'காபூலிவாலா'வுக்குக் கிடைத்த பெயர் அதற்குக் கிடைக்கவில்லை. உமா என்ற சிறுமி எழுதக் கற்றதிலிருந்து சுவரிலெல்லாம் கிறுக்குகிறாள். அண்ணன் முதலில் தண்டித்துவிட்டு, அப்புறம் மனசு இளகி ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கிறான். ஒன்பது வயசில் அவளுக்குக் கல்யாணம். புகுந்த வீட்டுக்கு அந்த நோட்டும் கூடப் போகிறது. பேச்சுத்துணை இல்லாத அந்த வீட்டில் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அதில் எழுதுகிறாள். நாத்தனார்கள் இடுக்கு வழியாகப் பார்த்துவிடுகிறார்கள். கணவன் அந்த நோட்டைப் பறித்துக்கொள்கிறான். அந்தக் கணவனிடமும் கட்டுரைகள் எழுதின நோட்டு ஒன்று இருந்தது, அதைப் பறிக்கத்தான் ஆள் இல்லை என்று தாகூர் முடிக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. மினி சொல்லாமல் விட்டதை உமாவின் நோட்டில் போய்ப் படிக்கவேண்டும்.

பேச்சுக்குக் காது கிடைக்காத குழந்தை காகிதத்திடம் போகிறது. இந்த ரகசியத்தைத் தாகூருக்கு ஆறு வருஷம் முன்பே ருஷ்யாவில் ஒருவர் கண்டுகொண்டிருந்தார். 1886-ஆம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு, பீட்டர்ஸ்பர்க் பத்திரிகை ஒன்றில், 26 வயசுச் செகாவ் 'வான்கா' என்ற சின்னக் கதையை எழுதினார். வான்காவுக்கு ஒன்பது வயசு. மாஸ்கோவில் ஒரு செருப்புத் தைக்கிறவனிடம் தொழில் பழக விட்டிருக்கிறார்கள். அந்த வீட்டில் அவன் வாய் திறந்து பேசினதாகவே கதையில் இல்லை. எஜமானன் குடும்பம் மாதாகோயிலுக்குப் போன இரவில், மைக்கூட்டையும் துருப்பிடித்த பேனாவையும் எடுத்து, கதவையும் ஜன்னலையும் பயந்து பயந்து பார்த்துக்கொண்டு, கிராமத்தில் இருக்கும் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான்.

ஊமை மாதிரி இருந்த பையனா இது என்று தோன்றுகிறது! தொட்டிலை ஆட்டும்போது தூங்கிவிட்டதற்கு அடி வாங்கினது, மீனை வாலிலிருந்து சுத்தம் செய்ய ஆரம்பித்ததற்கு எஜமானி அந்த மீனின் தலையாலேயே முகத்தில் இடித்தது, என்னை அழைத்துக்கொண்டு போய்விடு தாத்தா என்று கெஞ்சல். உடனே, மாஸ்கோ பெரிய ஊர், கடையில் தூண்டில் முள் விற்கிறார்கள் என்று செய்தி. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் முலாம் பூசின வாதுமைக் கொட்டையில் எனக்கொன்று கேட்டு வாங்கிப் பச்சைப் பெட்டியில் வைத்துவை என்று உத்தரவு. அழுகைக்கும் தூண்டில் முள்ளுக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளிகூட இல்லை. மினியின் காக்கையும் யானையும் போலத்தான். கண்ணீரோடு கெஞ்சுகிற குழந்தை நடுவில் தூண்டில் முள்ளை நினைக்குமா என்று நம்முடைய சராசரிக் கதாசிரியர் சந்தேகப்படுவார். அதை அடித்துவிட்டு இன்னும் இரண்டு சொட்டுக் கண்ணீரைச் சேர்ப்பார். செகாவ் தூண்டில் முள்ளை விட்டுவைத்தார். அதனால்தான் கடிதத்தின் மேல் வான்கா விலாசம் எழுதுகிறபோது நமக்கு நெஞ்சு நின்றுபோகிறது. ஊர் பேர் கிடையாது. கிராமத்தில் இருக்கிற தாத்தா என்று எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்குகிறான். கேட்கிற காது ஒன்று இருப்பதாக அவன் நம்புகிறான். அது இல்லை என்று நமக்குத் தெரியும்.

நம்மிடம் இப்படிப்பட்ட குழந்தைகள் இல்லாமல் இல்லை. தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' கதையில், ரயிலில் வருகிற சிறுவன், வீட்டு வேலைக்காகத் தூரதேசம் போகிற சிறுமிக்குத் தன் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிடுகிறான். அந்தப் பையனுக்குப் பெரிய வசனம் எதையும் ஜானகிராமன் எழுதிக் கொடுக்கவில்லை. பழம் போதும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் சங்கோசக் குழந்தையின் மனசைத் தமிழில் முழுக்கப் பார்த்தவர் என்றால் நான் கு. அழகிரிசாமியைத்தான் சொல்லுவேன். கதை, 'அன்பளிப்பு'. 1970-ல் அவர் மறைந்த பிறகு சாகித்ய அகாதமிப் பரிசு பெற்ற தொகுதிக்கும் இதுவே பெயர்.

இதிலும் கதை சொல்லுகிறவர் புத்தகங்களோடு வாழ்கிற மனிதர்தான். 'காபூலிவாலா'வில் வரும் அப்பா மாதிரி, குழந்தைகள் என்றால் பிரியம். விடுமுறை நாளில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வந்து அவரைத் தூங்கவிடாமல் எழுப்புகிறார்கள், அலமாரியைக் கலைக்கிறார்கள், புத்தகம் கேட்டுச் சண்டை போடுகிறார்கள். எல்லாம் வாயாடிகள். வீடே அமர்க்களப்படுகிறது. நாமும் அந்த அமர்க்களத்தில் கலந்துகொள்கிறோம். அந்தக் கூட்டத்தில் சாரங்கன் என்று ஒரு பையன் இருக்கிறான். அவனை அவரும் கவனிக்கவில்லை, நாமும் கவனிக்கவில்லை. இதுதான் அழகிரிசாமியின் சாமர்த்தியம். 'தூணைக் கட்டிக்கொண்டு நின்றான், கண்களில் ஏக்கம்' என்று எழுதியிருந்தால் நாம் உஷாராகியிருப்போம். அவன்மேல் இரக்கப்பட்டு நம்மை நாமே மெச்சிக்கொண்டிருப்போம். அவர் அப்படி ஒன்றும் செய்யாமல், சத்தம் போடுகிற குழந்தைகள் பக்கமே விளக்கைப் பிடித்துக்கொண்டு போகிறார். கூச்சமுள்ள பையன் வீட்டில் எப்படி மறக்கப்படுகிறானோ அப்படியே கதையிலும் மறக்கப்படுகிறான்.

தமக்கு மிக நெருங்கின இரண்டு குழந்தைகளுக்கு அந்த மனிதர் டைரி வாங்கி வந்து கொடுக்கிறார். சாரங்கனுக்கு இல்லை. வேண்டுமென்று செய்ததல்ல, தோன்றவில்லை, அவ்வளவுதான். பையன் அழவில்லை, கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று மட்டும் கூப்பிடுகிறான். அவர் போகிறார். சிற்றுண்டி, உபசாரம் எல்லாம் நடக்கிறது. அப்புறம் பையன் தானே ஒரு டைரியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்து, எழுதச் சொல்கிறான். என்ன எழுதவேண்டும் என்பதையும் அவனே சொல்கிறான். அவர் பிரியத்தோடு தனக்குக் கொடுத்த அன்பளிப்பு அது என்று எழுதவேண்டும்.

பேசத் தெரியாத பையன் என்றா இவனைச் சொல்வது? இத்தனை நாளாக அவனுக்குள் ஒரே ஒரு வாக்கியம் இருந்திருக்கிறது. அதைத் தன் வாயால் சொல்ல முடியாது. இன்னொருவர் கையால் எழுதினால்தான் அதற்கு மதிப்பு. அதற்காக டைரி, அழைப்பு, விருந்து எல்லாவற்றையும் ஏற்பாடு செய்திருக்கிறான். சங்கோசம் என்பது ஒன்றும் தோன்றாமல் நிற்பதல்ல, தோன்றினதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று ஓயாமல் திட்டம் போடுவது என்பதைக் கூச்சத்தோடு வளர்ந்தவர்கள் அறிவார்கள். அழகிரிசாமி அதை விளக்கவில்லை. அந்தப் பெரிய மனிதர் அப்போது வெட்கப்பட்டார் என்றோ, அவர் கண் கலங்கியது என்றோ வர்ணித்துக் கதையைக் கெடுக்கவும் இல்லை. குழந்தைகளின் சிநேகிதர் என்று தம்மை நினைத்துக்கொண்டிருந்தவர், ஒரு சிறு பையன் சொல்லச் சொல்ல எழுதவேண்டியிருக்கிறது. எழுத்தே தொழிலானவர், ஆனாலும் அந்த ஒரு வரியை அவராக எழுதியிருக்கவில்லை.

கதை அந்த எழுத்தோடு நின்றுவிடுகிறது. சாரங்கன் பிறகு அந்த டைரியை மற்றக் குழந்தைகளிடம் காட்டினானா, அல்லது உமாவைப்போல யார் கண்ணிலும் படாமல் ஒளித்துவைத்தானா என்பதைப் பற்றி அழகிரிசாமி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காட்டியிருக்கமாட்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.